தாய்லாந்தில் ஊர் சுற்றியதில் நான் வீணாகக் கொடுத்த 33,830 பாட்

2024 ஆகஸ்ட் மாதத்தில் பன்னிரண்டு நாள் தாய்லாந்தில் தனியாகச் சுற்றிவிட்டு வந்தேன். வந்ததும் செலவுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேருவதில் செய்த தவறுகளுக்காக மட்டும் தாய்லாந்துப் பணத்தில் 33,830 பாட் போயிருந்தது தெரிந்தது. அறை வாடகை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு ஆகிய மூன்றையும் சேர்த்தால்கூட அந்தத் தொகை வரவில்லை. பணம் போனதோடு, இடது கணுக்காலில் மாவுக்கட்டுடன் ஐந்து வாரம் நடமாட வேண்டியிருந்தது. இவற்றில் எதுவும் தலைவிதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை, ஏனென்றால் விமான டிக்கெட்டுக்கும் அறைக்கும் மாதக்கணக்கில் விலை ஒப்பிட்டுப் பார்த்த நான், இறங்கிய பிறகு எதில் ஏறிப் போவது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தூக்கமில்லாமல், கையில் பையுடன், மொழி தெரியாத இடத்தில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவுகள் எப்படி இருக்கும் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் இறங்கியது பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில், காலை 9.40 மணிக்கு. வடக்கே உள்ள சியாங் மாய் நகருக்குப் பிற்பகல் 1.30 மணி விமானத்தில் 1,900 பாட்டுக்கு ஒரு டிக்கெட்டை முன்பே வாங்கி வைத்திருந்தேன். நடுவில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருக்கிறது என்ற தைரியத்தில், குடியேற்றச் சோதனை வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு புறப்பாட்டுத் தளத்துக்கு ஏறிப் போய், என் விமான நிறுவனத்தின் கவுன்டரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தேடினேன், கிடைக்கவில்லை. தகவல் மேசையில் இருந்த பெண் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பி, நகத்தால் மூன்று எழுத்துகளுக்குக் கீழே மெதுவாகக் கோடு போட்டுக் காட்டினார். டிக்கெட்டில் இருந்தது டான் முயாங் விமான நிலையத்தின் குறியீடு. அது நகரத்தின் வடக்கு மூலையில் இருக்கிறது. நான் நின்றதோ கிழக்குப் புறத்தில். அப்போது மணி 11.50.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது பயம்கூட இல்லை, வெட்கம்தான். அந்த வெட்கத்தில் யாரிடமும் நின்று விசாரிக்கத் தோன்றாமல் கீழே ஓடி வந்தேன். வருகைக் கூடத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் "டாக்சி?" என்று கேட்டார், டான் முயாங் என்றதும் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுவதாகவும் சுங்கக் கட்டணம் உட்பட 1,800 பாட் என்றும் சொன்னார். பேரம் பேசக்கூட நேரமில்லை என்று ஏறிவிட்டேன். அவர் என்னை அழைத்துப் போனது டாக்சி வரிசைக்கு இல்லை, வாகன நிறுத்தத்தில் நின்ற மீட்டர் இல்லாத காருக்கு. டான் முயாங் போய்ச் சேர்ந்தபோது மணி 1.10, கவுன்டரை மூடி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. 1,900 பாட் டிக்கெட் கையோடு போனது, மாலை விமானத்துக்கு இன்னொரு 2,650 பாட் கொடுத்தேன். நாட்டுக்குள் நுழைந்து ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, 6,350 பாட் கைவிட்டுப் போயிருந்தது.

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள் உண்டு என்பதை நான் எங்கோ படித்தும் இருக்கிறேன்; ஆனால் டிக்கெட் வாங்கும் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் இரண்டும் ஒரே பட்டியலில் வருவதால் மலிவான விலைதான் கண்ணில் படுகிறது. சுவர்ணபூமி 2006 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மூடியிருந்த டான் முயாங்கை மறு ஆண்டே மீண்டும் திறந்து, நாளடைவில் மலிவு விலை விமானங்களுக்கு உரிய இடமாக ஆக்கிவிட்டார்கள். ஆகவே மலிவாகக் கிடைக்கும் உள்நாட்டு டிக்கெட் பெரும்பாலும் டான் முயாங்கிலிருந்துதான் இருக்கும். இரண்டு நிலையங்களுக்கும் இடையில் இலவசப் பேருந்து ஓடுகிறது, அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் ஏறிக்கொள்ளலாம்; ஆனால் பாங்காக் நெரிசலில் அது எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒரு நிலையத்தில் இறங்கி மறு நிலையத்தில் ஏறுவதாக இருந்தால் இடையில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும். இல்லையென்றால் சில நூறு பாட் கூடுதலாகக் கொடுத்து ஒரே நிலையத்திலிருந்து கிளம்பும் விமானத்தை எடுப்பதுதான் கணக்குப்படி லாபம்.

டாக்சியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவர்ணபூமியில் முறையான டாக்சி வரிசை தரைத் தளத்தில், கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே உள்ள இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதில் எந்த எண்ணுள்ள இடத்தில் உங்கள் வண்டி நிற்கிறது என்று இருக்கும். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் இறங்கும்வரை கையில் வைத்துக்கொள்ள வேண்டும், தகராறு வந்தால் வண்டியை அடையாளம் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும். நான் போன 2024இல் மீட்டர் 35 பாட்டில் தொடங்கியது, விமான நிலையத்துக்கான கூடுதல் தொகை 50 பாட்டாக இருந்தது, விரைவுச் சாலையில் போனால் சுங்கம் பயணியுடையது. அன்று நான் போன தூரத்துக்கு இந்த முறையில் போயிருந்தால் ஐந்நூறு பாட்டை ஒட்டி முடிந்திருக்கும் என்று பிறகு ஓர் ஓட்டுநரே சொன்னார். கூடத்துக்குள் தானாக வந்து பேசுகிறவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், கழுத்தில் எந்த அட்டை தொங்கினாலும், அவரோடு போவதில்லை என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. அங்கே நின்று யோசித்தால் அவர்தான் ஜெயிப்பார்.

சியாங் மாயில் நான் தங்கிய இடம் பழைய நகரத்துக்குள், நான்கு பக்கமும் அகழி சூழ்ந்த சதுரத்துக்குள் இருந்தது. முதல் நாள் இழந்த பணத்தை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்ததால், 125 சிசி ஸ்கூட்டர் நாளொன்றுக்கு 250 பாட் என்ற பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கடைக்காரர் பிணையாக 3,000 பாட் பணமோ பாஸ்போர்ட்டோ கேட்டார். கையில் ரொக்கம் குறைவு. வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட் பிடிக்கும் என்பது ஏற்கெனவே இரண்டு முறை உறைத்திருந்தது. இன்னொரு 220 பாட்டைக் காப்பாற்றுவதற்காகப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் ஒரு மேசை இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே அங்கே அடுக்கியிருந்த நான்கைந்து பாஸ்போர்ட்டுகளின் மேல் போட்டு மூடினார். இழுப்பறை மூடிய சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வண்டியைச் சுற்றிவந்து கீறல்களைப் படம் எடுக்கவும் இல்லை. ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன்: அவர் கொடுத்த தலைக்கவசத்தின் வார் தாடைக்குக் கீழே தொளதொளவென்று தொங்கியதால், வேறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

என்னிடம் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் இருந்தது, அதனால் சட்டப்படி எல்லாம் சரி என்று மனதார நம்பினேன். என் ஓட்டுநர் உரிமம் காருக்கு உரியது. ஊரில் பழகிய ஸ்கூட்டரை உரிமத்தைப் பற்றி யோசிக்காமல் ஓட்டிய பழக்கம் வேறு. இரண்டாம் நாள் அகழி ஓரச் சாலையில் போலீஸ் சோதனையில் நிறுத்தியபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த அதிகாரி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து, ஏ என்ற எழுத்துக்கு எதிரே இருந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டினார். ஏ என்பது மோட்டார் சைக்கிள், பி என்பது கார். எனக்கு முத்திரை இருந்தது பி கட்டத்தில் மட்டும். 500 பாட் அபராதம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்து அனுப்பினார்கள். உண்மையில் அன்றே வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நானோ அந்த ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டோம், இனி நிறுத்தினால் இதைக் காட்டலாம் என்று நினைத்தேன். பயணிகள் பலர் இப்படித்தான் அபராதத்தை ஒரு நுழைவுக் கட்டணம் போலப் பேசிக்கொள்கிறார்கள். அபராத ரசீது யாருக்கும் வண்டி ஓட்டும் உரிமையைத் தருவதில்லை, என் பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் அது எனக்கு எதிரான சாட்சியாகவே ஆனது.

மூன்றாம் நாள் தோய் சுதெப் மலைக்கோயிலுக்குப் போனேன். நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கோயிலுக்கு 309 படிகள். ஏறும்போது வெயில், இறங்கும்போது மழை. ஆகஸ்ட் அங்கே மழைக்காலம் என்பதால் மதியத்துக்கு மேல் மலைப்பாதையில் இருப்பதே புத்திசாலித்தனம் இல்லை. மழை நிற்கும்வரை மேலேயே காத்திருந்தேன், சாலை காயும்வரை காத்திருக்கவில்லை. பாதி வழியில் ஒரு வளைவில், முன்னே போன சிவப்பு சோங்தேவ், அதாவது ஆள் ஏற்றிச் செல்லும் பங்கு வண்டி, ஆள் ஏற்ற ஓரம் கட்டியது. நான் முன் சக்கர பிரேக்கை இறுகப் பிடித்தேன். ஈர இலைகள் ஒட்டிக்கிடந்த இடத்தில் முன் சக்கரம் ஒரு பக்கமாக வழுக்கிப் போக, வண்டி என் இடது காலின் மேல் சாய்ந்து, இரண்டுமாகச் சில அடி தூரம் சறுக்கிக்கொண்டு போனோம். எழுந்து உட்கார்ந்தபோது உள்ளங்கையில் தோல் உரிந்து அதற்குள் சின்னச் சின்னக் கருங்கல் துகள்கள் பதிந்திருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். தலைக்கவசத்தின் இடது பக்கம் காதுக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்குத் தேய்ந்து வெளுத்திருந்தது. அந்த சோங்தேவ் ஓட்டுநரும் உள்ளே இருந்த இரண்டு பேரும் இறங்கி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்து, அப்படியே மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். பணம் நீட்டியபோது அவர் கையைக் கூப்பிவிட்டுப் போய்விட்டார். அவர் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அவசர மருத்துவ உதவிக்கு 1669 என்ற எண் இருப்பதே எனக்கு மருத்துவமனைச் சுவரில் பார்த்துத்தான் தெரிந்தது.

கணுக்கால் எலும்பில் மெல்லிய விரிசல். எக்ஸ்ரே, காயம் கழுவுதல், ஊசி, மாவுக்கட்டு, ஊன்றுகோல் எல்லாம் சேர்த்துத் தனியார் மருத்துவமனையில் 18,400 பாட் ஆனது. பணம் கட்டும் இடத்தில் இருந்த ஊழியர் வண்டியின் பதிவுப் புத்தக நகலும் காப்பீட்டு நகலும் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. தாய்லாந்தில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு, அங்குள்ளவர்கள் அதைச் சுருக்கமாக 'போ ரோ போ' என்கிறார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு, தவறு யாருடையது என்று முடிவாகும் முன்பே, 30,000 பாட் வரை மருத்துவச் செலவை அது ஏற்கும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அதிலிருந்து ஒரு பாட்கூடக் கிடைக்காது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, முதலில் வண்டியைக் கொண்டுவா, பிறகு பார்க்கலாம் என்றார்கள். வலியிலும் அசதியிலும் நான் அட்டையைத் தேய்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த நகல்களை வண்டியை எடுக்கும்போதே கேட்டு வாங்கி கைப்பேசியில் படமாக வைத்திருந்தால், மருத்துவமனையிலேயே அந்தத் தொகையைக் கோரும் பேச்சையாவது தொடங்கியிருக்கலாம். வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் கடையில் "முழுக் காப்பீடு இருக்கிறது" என்று சொன்னால், அது ஆளுக்கா, வண்டிக்கா, எதிரில் வருபவருக்கா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மறுநாள் கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு 14,000 பாட் கேட்டார். இடது பக்கச் சேதம் என்னுடையது, அதில் மறுப்பில்லை. வலது பக்கக் கீறல்களும் பின்புற விளக்கின் விரிசலும் முன்பே இருந்தவை என்று சொன்னேன். எங்கே ஆதாரம் என்றார். அவர் குரலை உயர்த்தவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பாஸ்போர்ட் அவர் இழுப்பறையில் இருந்தது, ஊன்றுகோலோடு நான் அவர் கடை வாசலில் நின்றிருந்தேன். அதற்கு மேல் அவர் மிரட்ட என்ன இருக்கிறது? அந்த இரவு தூங்கவில்லை. தெரியாத ஊரில் என்னை யாரென்று நிரூபிக்கும் ஒரே புத்தகத்தை நானே கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுத்தேன் என்ற நினைப்பு கால் வலியைவிட அதிகமாக அரித்தது. காலையில் விடுதிக்காரம்மா சொன்னதன் பேரில் சுற்றுலாப் போலீஸின் 1155 எண்ணுக்கு அழைத்தேன். எல்லா நேரமும் இயங்கும் எண் அது, ஆங்கிலத்தில் பேசலாம். அவர்கள் ஒருவரை அனுப்பி, கடைக்காரரோடு தாய்லாந்து மொழியில் அரைமணி நேரம் பேசவைத்து, எந்தெந்தப் பாகம் மாற்ற வேண்டும் என்று எழுதி வாங்கி, கடைசியில் 6,500 பாட்டில் முடித்துக் கொடுத்தார்கள். ரசீது வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுத்தேன், பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது.

பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்கும் கடையில் வண்டி எடுக்காதீர்கள் என்று சொல்வது எளிது. பணத்தைப் பிணையாக வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட் நகலோடு ஒப்புக்கொள்ளும் கடைகளும் அதே தெருவில் இருக்கின்றன என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. என்னிடமே அந்தக் கடைக்காரர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தான் கேட்டார். 220 பாட் கட்டணத்தை நினைத்து நான் தேர்ந்தெடுத்ததற்கு எத்தனை மடங்கு கொடுத்தேன் என்று பாருங்கள். வண்டியைத் தொடும் முன் சுற்றிலும் மெதுவாக ஒரு காணொளி எடுங்கள்; கடைக்காரரும் கடைப் பலகையும் அதில் விழட்டும். டயரின் தேய்மானத்தையும் இரண்டு பிரேக்குகளையும் அவர் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் இரு சக்கர உரிமம் உள்ளவர்களுக்கு. அது இல்லாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், வண்டி எடுக்க வேண்டாம். என் பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்குப் போதுமான தொகை இருந்தது. ஆனால் ஊர் திரும்பி எல்லா ரசீதுகளையும் அனுப்பி ஆறு வாரம் காத்திருந்த பிறகு வந்த கடிதத்தில், செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டிய வாகனத்தால் நேர்ந்த காயம் என்பதால் கோரிக்கை மறுக்கப்படுவதாக இருந்தது. எதிர்த்து எழுத ஒன்றுமில்லை, அந்த விதி நான் கையெழுத்திட்ட தாள்களிலேயே இருந்தது. சில காப்பீடுகள் உரிமம் இருந்தாலும் எஞ்சினின் சிசி அளவுக்கு வரம்பு வைத்திருக்கும், சில தலைக்கவசம் அணிந்திருந்தால்தான் தரும். மோட்டார் சைக்கிள் என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று அந்த ஆவணத்தில் தேடிப் படிக்கப் பத்து நிமிடம் போதும்.

இரண்டு நாள் அறையில் படுத்துக் கிடந்துவிட்டு, பிறகு நொண்டிக்கொண்டே வெளியே வந்தபோதுதான் சியாங் மாயில் ஸ்கூட்டரே தேவையில்லை என்று புரிந்தது. அங்கே ஊருக்குள் ஓடுவது சிவப்பு சோங்தேவ். பின்னால் இரண்டு வரிசைப் பலகை போட்ட சிறிய லாரி. கை காட்டி நிறுத்தி, போகுமிடத்தை ஓட்டுநரிடம் சொன்னால், அவர் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் தலையசைப்பார். பின்னால் ஏறி உட்கார்ந்து, இறங்கும் இடம் வந்ததும் மணியை அழுத்தி, இறங்கிய பிறகு சன்னல் வழியாகக் காசைக் கொடுக்க வேண்டும். ஊருக்குள் எனக்கு 30 பாட்டுக்கு மேல் ஆகவில்லை. முதலிலேயே எவ்வளவு என்று கேட்டால் தனி வாடகைக்கு அழைப்பதாக எடுத்துக்கொண்டு 150, 200 என்று சொல்வார்கள், அந்தச் சூட்சுமத்தை விடுதிக்காரம்மாதான் சொல்லிக் கொடுத்தார். தோய் சுதெப்புக்கும் சாங் புயக் வாயில் பக்கத்திலிருந்து பங்கு வண்டி கிளம்புகிறது. ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போக ஆளுக்கு 60 பாட் என்று நான் விசாரித்த நாளில் சொன்னார்கள். அதைக் கேட்டபோது மாவுக்கட்டுக்குள் கால் அரித்தது.

பாங்காக்குக்கு விமானத்தில் திரும்ப மனமில்லாமல் இரவு ரயிலில் வந்தேன். சுமார் 750 கிலோமீட்டர், ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம், குளிர்சாதனப் படுக்கைக்கு ஆயிரம் பாட்டை ஒட்டிய விலை. ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். கீழ்ப் படுக்கை மேலுள்ளதைவிட நூறு பாட் கூடுதல், ஆனால் அகலம் அதிகம், ஏணியும் ஏற வேண்டாம். ரயில் ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போகும் என்று பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி அதன் அருகே அறை போட்டிருந்தேன். 2023 ஜனவரியிலிருந்தே நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவை பாங் சூ பகுதியில் உள்ள குருங் தேப் அபிவத் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. நல்லவேளையாக அங்கிருந்து சுரங்க ரயிலின் நீலத் தடம் நேராக ஹுவா லம்போங் வருகிறது, வங்கி அட்டையையே வாயிலில் தொட்டுவிட்டு ஏறிக்கொள்ளலாம். உயர்த்திய பாதையில் ஓடும் பிடிஎஸ் ரயில் வேறொரு நிறுவனத்துடையது என்பதால் அதற்குத் தனியே டிக்கெட் வாங்கினேன்.

கால் இந்த நிலையில் இருந்ததால் பாங்காக்கில் மிச்சமிருந்த நான்கு நாளும் ஒவ்வொரு இரவும் மறுநாள் வழியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்: எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, ஒருவேளை அது ஓடாவிட்டால் வேறு எது, தங்குமிடத்தின் பெயரும் முகவரியும் தாய்லாந்து எழுத்தில். இந்தக் கடைசி வரியை விடுதி வரவேற்பில் எழுதி வாங்கினேன். ஆங்கிலத்தில் எழுதிய முகவரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய டாக்சி ஓட்டுநர்கள் தாய்லாந்து எழுத்தைப் பார்த்ததும் உடனே தலையசைத்தார்கள். அரண்மனைக்கு சாவோ பிரயா ஆற்றுப் படகில் போனேன். பிடிஎஸ் சபான் தக்சின் நிலையத்தை ஒட்டியே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சு நிறக் கொடி கட்டிய படகில் எங்கே இறங்கினாலும் அப்போது 16 பாட்தான். அதே துறையில் சுற்றுலாப் படகுக்குப் பல மடங்கு விலையில் டிக்கெட் விற்பவர்களும் நிற்பார்கள், கொடியின் நிறத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். அரண்மனை மதிலோரம் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, இன்று பூஜை இருப்பதால் மதியம்வரை மூடியிருக்கிறது, அதுவரை 40 பாட்டுக்கு டுக் டுக் ஆட்டோவில் மூன்று கோயில் பார்த்துவிட்டு வரலாம் என்றார். அந்த வண்டி கடைசியில் ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும் போய் நிற்கும். நேராக வாயிலுக்கு நடந்தேன், 8.30 முதல் 3.30 வரை என்று பலகையில் இருந்தபடியே திறந்திருந்தது. முதல் நாள் மனநிலையில் இருந்திருந்தால் அந்த டுக் டுக்கில் நிச்சயம் ஏறியிருப்பேன்.

கணக்கு கேட்பவர்களுக்காக: தவறிய டிக்கெட் 1,900, மாற்று டிக்கெட் 2,650, மீட்டர் இல்லாத கார் 1,800, அபராதம் 500, மருத்துவமனை 18,400, மறுபரிசோதனை 1,200, வண்டிச் சேதம் 6,500, நான்கு முறை ஏடிஎம் கட்டணம் 880. ஏடிஎம் விஷயத்தில் சிறு தொகையாகப் பல முறை எடுத்தது என் பிழை. இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, பாட்டிலேயே எடுப்பதுதான் நல்லது.

கிளம்பும் நாளில் ஹுவா லம்போங்கிலிருந்து சுரங்க ரயிலில் பெட்சபுரி, அங்கிருந்து மேம்பால நடைபாதையில் மக்கசான், அங்கிருந்து விமான நிலைய ரயில்; எல்லாம் சேர்த்து 80 பாட்டைத் தாண்டவில்லை. மக்கசானில் பெட்டியை இழுக்க முடியாமல் நின்றபோது பள்ளிச் சீருடையில் வந்த பையன் ஒருவன் கேட்காமலே தூக்கிக்கொண்டு மின்தூக்கிவரை வந்தான். விமான நிலையத்தில் இன்னும் ஒரு சிக்கல் காத்திருந்திருக்கும்: மாவுக்கட்டுடன் பறக்க வருபவர்களிடம் பல விமான நிறுவனங்கள் மருத்துவரின் கடிதம் கேட்கும், கட்டுப் போட்டு 48 மணி நேரம்கூட ஆகாதவர்களுக்குக் கட்டைப் பிளந்திருக்க வேண்டும் என்றும் சொல்லும். மறுபரிசோதனைக்குப் போனபோதே, பறக்கத் தடையில்லை என்று ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கியிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இடது காலை நீட்ட வசதியாக நடைபாதையை ஒட்டிய இருக்கைக்கு மாற்றிக் கொடுத்தார்.